தக்காளிக்கு ஒரு பக்கம், நிலவுக்கு அரை வரி

2023 புத்தாண்டுக்கு உசிலம்பட்டி உரக்கடை ஒன்று தன் வாடிக்கையாளர் ஒருவருக்கு டைரி கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம், எமகண்டம், அடியில் ஒரு குறள். முதல் பக்கத்தில் ரத்த வகை கேட்டிருந்தார்கள். தெரியவில்லை, "நல்ல ரத்தம்" என்று எழுதிவைத்தார்.

முதல் வாரம் தத்துவம் பொங்கியது. இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காகவெல்லாம் எழுதினார். மாட்டுப் பொங்கலோடு அந்த வேகம் அடங்கிவிட்டது. மாசியில் ஒரு நாள், "இன்று விசேஷமில்லை." மறுநாள், "நேற்றுப் போலவே."

இப்படி எழுத விஷயமில்லாமல் தவித்தபோது கைகொடுத்தவர் பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கியவர், 1761இல் இறக்கும் காலம் வரை எழுதினார். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். அந்த நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் அச்சேறியபோது பன்னிரண்டு தொகுதிகள் வந்தன. அவ்வளவு பெரிய மனிதரே சரக்கு விலையையும் புயலில் சாய்ந்த மரங்களையும் எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் நம்மவருக்குத் தெம்பு வந்தது.

ஜூன் 15: "போடி வரை ரயில் விட்டுவிட்டார்கள். மீட்டர்கேஜ் நின்று பன்னிரண்டு வருஷமாயிற்று. பஸ்ஸில் போனால் இடுப்பு வலிக்கும் என்று மாமனார் வீட்டுக்குச் சொல்லிவந்த சாக்கு இனி செல்லாது."

ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அதற்கு முழுப் பக்கம். "அரசு சில ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. நம் வீட்டில் புளிக்குழம்பு தொடங்கியது."

ஆகஸ்ட் 23ஆம் தேதி உலகமே நிலவை அண்ணாந்து பார்த்தது. டைரியில் இருப்பது இவ்வளவுதான்: "சந்திரயான் இறங்கியது. கிணற்று மோட்டார் காயில் போச்சு." மீதிப் பக்கம் முழுக்கக் காயில் கட்டுகிறவர் சொன்ன கூலி, இவர் கேட்ட கூலி, கடைசியில் கொடுத்த கூலி.

டிசம்பர் கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வருஷத்தையும் புரட்டினார். ஜனவரித் தத்துவம் அவருக்கே புரியவில்லை. தக்காளிப் பக்கம் வந்ததும் சத்தமாக வாசித்தார்.

அடுப்படியிலிருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "ஏங்க, பால் வராத நாளும் இதுல இருக்கா?"

இருந்தது. "பால் வரவில்லை. வரக்காப்பி" என்று மாதத்துக்கு மாதம் இருந்தது. மறுநாள் காலை பால்காரர் முன்னால் திண்ணையில் டைரி விரிக்கப்பட்டது. அவர் தன் கணக்கு நோட்டை எடுத்தார். அதில் வருஷம் முழுக்கப் பால் தவறாமல் வந்திருந்தது. வீட்டம்மா தேதி வாசிக்க வாசிக்க நோட்டு மெல்ல மூடிக்கொண்டது.

"அடுத்த வருசமும் எழுதுவீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டார் பால்காரர். இரண்டு நாள் கழித்துச் செம்பு நிறையச் சீம்பால் வந்தது, இனாமாக. இதை மட்டும் டைரியில் ஏற்றிவிட வேண்டாம், பக்கத்து வீடுகளுக்குத் தெரிந்தால் கட்டுப்படியாகாது என்று கேட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.