நாற்காலி வட்டமும் ஒற்றைத் துண்டு கேக்கும்: டச்சுப் பிறந்தநாள் குறித்த ஓர் ஆய்வு

நெதர்லாந்துக்குப் படிக்கப் போகும் தமிழ் மாணவருக்குச் சைக்கிள், காற்றாலை, சீஸ், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல் பற்றியெல்லாம் விமானம் ஏறும் முன்பே யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஆளை உண்மையில் ஆட்டிப் பார்க்கும் பிறந்தநாள் வட்டம் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. வாகனிங்கன் நகரில் வேளாண்மையில் முதுகலை படித்த காலத்தில், வகுப்புத் தோழர்களின் வீடுகளுக்கு விருந்தாளி வேடத்தில் சென்று திரட்டிய தரவுகளே இதன் அடிப்படை. நிதி நல்கை எதுவும் பெறப்படவில்லை. காப்பி மட்டும் கிடைத்தது.

முதலில் களம். வரவேற்பறையின் சோபா, சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள், மாடியிலிருந்து இறக்கிய மடக்கு நாற்காலிகள், பற்றாக்குறைக்குத் தோட்டத்து பிளாஸ்டிக் நாற்காலி என்று அனைத்தும் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். மேலே காகிதத் தோரணம். வட்டத்துக்கு மூலை கிடையாது என்பது வடிவியல் உண்மை. ஆனால் கூச்சமுள்ளவன் ஒதுங்கி நிற்க மூலையே வாழ்வாதாரம் என்பதை வடிவியல் நூல்கள் பேசுவதில்லை.

உள்ளே நுழைந்ததும் வாழ்த்து. பிறந்தநாள்காரியை மட்டும் வாழ்த்திவிட்டு உட்கார முடியாது. 'உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்' என்று அம்மாவுக்கு, 'உங்கள் தங்கைக்காக' என்று அண்ணனுக்கு, 'உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக' என்று முன்பின் தெரியாத ஒரு தாத்தாவுக்கு. பிறந்தவர் ஒருவர், பெருமை வட்டம் முழுவதற்கும். பின்னால் வருபவர் ஒவ்வொருவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அனைவரோடும் கைகுலுக்க வேண்டும் என்பதால், 15 பேர் கூடும் வீட்டில் 105 கைகுலுக்கல்கள் நிகழ்கின்றன. நெருங்கியவர்களுக்குக் கன்னத்தில் மூன்று முத்தம் தனிக் கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு முத்தம் குறைந்திருக்கிறது. தமிழ் மாணவர்கள் தரப்பிலிருந்து இதற்கு எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

பரிசை வாங்கி உள்ளே வைத்துவிடும் பழக்கம் இங்கே இல்லை. கொடுத்தவர் கண்முன்னே பிரிக்கப்பட்டு, அது வட்டத்தில் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வருகிறது. ஊரிலிருந்து கொண்டுபோன தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்றை ஒவ்வொருவரும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்ததை இக்கட்டுரையாளர் நேரில் கண்டார்.

அடுத்து, இத்துறையின் மையச் சிக்கலான கேக். டச்சு வீடுகளில் மாலை ஆறு மணிவாக்கிலேயே இரவுச் சாப்பாடு நடந்துவிடும். ஆகவே 'எட்டு மணிக்குப் பிறந்தநாள்' என்ற அழைப்புக்குச் 'சாப்பிட்டுவிட்டு வா' என்றே உரைகாண வேண்டும். காப்பியுடன் ஆளுக்கு ஒரு துண்டு கேக் வரும். 'இன்னொரு துண்டு வேண்டுமா?' என்று ஒருமுறை கேட்பார்கள். நம் பந்தியில் 'போதும்' என்பது அடுத்த கரண்டிக்கான அனுமதி. இலையை இரண்டு கையாலும் மறைத்தால்தான் மறுப்பு பாதியாவது செல்லுபடியாகும். இங்கே 'வேண்டாம்' என்ற சொல் அச்சொட்டாக நம்பப்படுகிறது. முதல் தடவை மரியாதைக்கு மறுத்து இரண்டாம் தடவை ஏற்கலாம் என்று காத்திருப்பவரின் முன் அந்த இரண்டாம் தடவை வருவதே இல்லை. பிஸ்கட் டப்பாவின் நடத்தையும் இத்தகையதே. மூடி திறக்கிறது, ஒரு சுற்று வருகிறது, மூடி மூடுகிறது.

இச்சிக்கனத்துக்கு ஒரு வரலாற்றுப் பெருமையும் உண்டு. வில்லெம் ட்ரேஸ் 1948 முதல் 1958 வரை பிரதமராக இருந்தவர். முதியோர் உதவித்தொகைக்கு 1947இல் வழிசெய்தவரும் அவரே. போருக்குப் பின் அமெரிக்கா அளித்த மார்ஷல் திட்டத்துப் பணம் பற்றிப் பேச அவருடைய ஹேக் நகர வீட்டுக்கு அமெரிக்கத் தூதர்கள் போனார்களாம். தேநீருடன் ஆளுக்கு ஒரு மரி பிஸ்கட் வந்ததாம். இவ்வளவு கட்டுசெட்டான நாட்டை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்று அவர்கள் முடிவு கட்டினார்களாம். இந்த 'ஆம்'கள் அனைத்தும் ஐயத்துக்குரியவை. ஆனால் டப்பாவை மூடும் ஒவ்வொரு கைக்கும் இக்கதை ஒரு தெம்பு.

நாடு முழுவதையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதும் முறையன்று. ரைன், வால், மாஸ் ஆறுகளுக்குத் தெற்கே, பிராபண்டிலும் லிம்பர்கிலும் கை தாராளம் என்று தெற்கத்தியர் மார்தட்டுவார்கள். லிம்பர்கின் பழப் பணியாரமான ஃப்ளாய் அங்கே முழுசாக மேசைக்கு வரும், விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். வாகனிங்கன் ரைனின் வடகரையில் இருக்கிறது. பசிக்கும் புவியியலுக்கும் உள்ள உறவை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

உரையாடல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்தச் சாலை வழியாக வந்தார்கள், ஏ12இல் நெரிசலா, மழை எத்தனை மணிக்கு விடும், கோடையில் கேரவனை பிரான்சில் எங்கே நிறுத்தினார்கள். இடப்பக்கம் ஓர் அத்தை, வலப்பக்கம் ஒரு மாமா. எழுந்து இடம் மாறுவது அநாகரிகம். பத்து மணிவாக்கில் சீஸ் துண்டுகளும் கடுகுச் சாந்தும் வரும். அதுவரை ஆய்வாளர் வட்டத்தைவிட்டு வெளியேற ஒரே நியாயமான காரணம் கழிப்பறை.

இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு அங்கேதான் நிகழ்ந்தது. டச்சுக் கழிப்பறைச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, பிறந்தநாள் நாட்காட்டி தொங்குகிறது. அதில் கிழமை கிடையாது. மாதமும் தேதியும் மட்டுமே. ஆகவே அது எந்த ஆண்டும் காலாவதியாவதில்லை. உற்றார் உறவினர் பெயர்கள் விதவிதமான மைகளில், சில மங்கி, சில புதிதாக. யாரை இந்த வீடு தன் ஆளாக எண்ணுகிறது என்பதற்கு இதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. வரவேற்பறைப் புன்னகை எல்லோருக்கும் பொது. இந்தத் தாளில் இடம் பிடிப்பது வேறு. ஒருமுறை ஒரு தோழியின் அம்மா என் பிறந்த தேதியைக் கேட்டார். சொன்னேன். பேனாவை எடுத்துக்கொண்டு நேராகக் கழிப்பறைக்குப் போனார்.

குடியுரிமைக்கு எப்போதும் கடமைகள் உண்டு. இந்நாட்டில் கேக் வாங்க வேண்டியவர் பிறந்தநாள்காரரே, ஆய்வகத்திலும் அப்படித்தான். பேராசிரியர்கூடத் தன் பிறந்தநாளன்று தானே கேக்கைச் சுமந்து வந்து தானே வெட்டி வைப்பார். பெயர் ஏறிய பிறகு, அந்தத் தேதியில் மாலை எட்டு மணிக்கு அம்மா, அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுத் தாத்தா வரை மாணவர் விடுதி அறைக்கு வந்துவிடக்கூடும். அறையில் இருந்தது ஒரு நாற்காலி. பழைய சாமான் கடையில் மடக்கு நாற்காலி மலிவாகக் கிடைக்கும், ஆனால் நான்கை ஒரே சைக்கிளில் கட்டிக்கொண்டு ரைன் காற்றில் மிதிப்பது எப்படி என்பது குறித்த ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது.