வாத்து வச்சுப் பேசு தாயி

வா தாயி, இப்படித் திண்ணையில உக்காரு. வெள்ளிக்கிழமை உங்க காலேஜுல ஏதோ செமினாராம்ல? "கிறுக்கு யோசனைக்குன்னே ஒரு கூட்டம் தாத்தா, என்ன வேணும்னாலும் பேசலாம், யாரும் சிரிக்க மாட்டாக"ன்னு போன்ல சொன்னே. சிரிக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காகளா? நம்ம கிராமசபையில கூட அப்படி எவனும் எழுதிக் குடுத்ததில்ல.

மழைக்கு முந்தி எறும்பு முட்டையத் தூக்கிட்டுச் செவுத்துல ஏறுதே, அதுக்கு யாரு தகவல் சொல்றாங்குறே. நல்ல கிறுக்குதான். அந்தா பாரு தூணுகிட்ட, வாயில வெள்ளை வெள்ளையாக் கவ்விக்கிட்டு வரிசை போகுது. சில நாளு மழை கொட்டும். சில நாளு ஒரு சொட்டு விழாது, ஏறின எறும்பெல்லாம் மறுநாளு அசடு வழியக் கீழ எறங்கும். அந்த ஏமாந்த எறும்பைப் பத்தி உன் ஸ்லைடுல ஒரு வரி காணோமே?

அறுபது ஸ்லைடு. கலர் கலரா கிராஃப். கடைசியில முடிவுரை வேற. முடிவு தெரிஞ்சுபோன பொறவு அது என்ன தாயி கிறுக்கு யோசனை? வாசல்ல அரைவேக்காடுன்னு போர்டு, உள்ள போனா போன வருசமே அச்சான பேப்பரு. இதுக்கு டீ, சமோசா. சமோசாவ நான் குறை சொல்லல.

போன பொங்கலுக்கு நீ சொன்ன கதையத்தான் உனக்கே திருப்பிச் சொல்றேன். லிவிவ்னு இப்போ உக்ரைன்ல இருக்கே, அது போலந்துகிட்ட இருந்த காலம். ஸ்காட்டிஷ் கஃபேன்னு ஒரு காப்பிக்கடை. பனாக், மசூர், உலாம்னு கணக்குக்காரங்க பூராப் பேரும் அங்கதான். ஒருவாட்டி சாப்பாட்டு நேரம் போக 17 மணி நேரம் எந்திரிக்காமப் பேசினாகளாம். சம்சாரங்க என்ன பாடு பட்டாகளோ! கணக்கைப் பளிங்கு மேசையிலயே கிறுக்குவாக, கடைக்காரன் துடைச்சு விட்டுருவான். அம்புட்டுப் பேரு மூளையும் ஈரத்துணியோட போச்சு. பொறுக்க முடியாம பனாக் வீட்டம்மாதான் 1935-ல ஒரு கெட்டி நோட்டு வாங்கிக் குடுத்தாக. அது கடையிலயே கிடக்கும், கேட்டா சர்வர் எடுத்தாந்து வைப்பான். விடை தெரியாத கேள்வியத்தான் அதுல எழுதணும். தீர்க்கிறவனுக்குப் பரிசும் உண்டு: பீரு, ஒயினு, அவனவன் வசதிக்கு. 1936-ல மசூர் ஒரு கேள்வி எழுதி, உசுரோட ஒரு வாத்து தாரேன்னுட்டாரு. நடுவுல யுத்தம் வந்துச்சு, ஊரே கைமாறிப் போச்சு. 1972-ல சுவீடன்காரப் பையன் பெர் என்ஃப்லோ தீர்த்தான். வார்சாவுக்கு வரச்சொல்லி, வாத்தைக் கூடையில வச்சு மசூரே குடுத்தாரு. சொல்லு காப்பாத்துனாருல்ல மனுசன்?

உங்க கூட்டத்துல அந்த நோட்டு எங்க? முன்வரிசையில பெரிய புரபசரு இருப்பாகளாம், கேள்விக்குக் கடைசியில அஞ்சு நிமிசமாம். யோசனைய எவனாச்சும் சுட்டுட்டுப் போவான்னு பாதிய மறைச்சு வேற பேசப்போறியாம். ஊறவச்ச வெதநெல்ல எவன் தாயி திருடுவான்? கொண்டுபோனா மறுநாளே வெதைக்க அவன்கிட்ட உழுத வயலு இருக்கணும்ல?

முன்வரிசைன்னதும் நம்ம சந்திரசேகர் ஞாபகம் வருது. லண்டன்ல 1935 ஜனவரி 11, வானியல் சங்கக் கூட்டம். 24 வயசுப் பையன். சூரியனப்போல 1.4 மடங்குக்கு மேல கனத்த நட்சத்திரம், வெள்ளைக் குள்ளனா அடங்கி உக்காராதுன்னு கணக்குப் போட்டுச் சொன்னாரு. எடிங்டன்னு பெரிய தலைக்கட்டு. அதுக்கு முந்தி மாசக்கணக்கா இவரு அறைக்கே வந்து கணக்கு எப்படிப் போகுதுன்னு பிரியமா விசாரிச்சவரு. மேடையில அடுத்த ஆளா ஏறி, இப்படி ஒரு அபத்தம் நடக்க இயற்கை விடாதுன்னு கூட்டத்தையே சிரிக்க வச்சுட்டாரு. சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983-ல. அதனால சொல்றேன், முந்தியே உன் அறைக்கு வந்து ரொம்பப் பிரியமா விசாரிக்கிறவக யாருன்னு ஒரு கண்ணு வச்சுக்க. மூஞ்சிக்கு நேரா "இது வெளங்காது"ங்கிற ஆளு இருக்காகளே, அவுகள முதல் பெஞ்சுல உக்கார வை. சமோசா ரெண்டா குடு.

அறுபதுல அம்பத்தஞ்சு ஸ்லைட அழிச்சுரு. ஏமாந்த எறும்பை முதல்ல போடு. எது உனக்குத் தெரியலையோ அத எழுதி, ஒரு பரிசையும் அறிவி. நம்ம கருப்புச் சேவலக் குடுக்க நான் தயாரு. 36 வருசம் ஆனாலும் தீனிச் செலவு உன்னுது.