எத்தனை மணிக்குக் கிளம்பணும்?
விமான நிலையக் கேள்வி - பதில்

● வாசகர், ஆம்பூர்: 'இரண்டு மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க' என்கிறார்கள். போன தடவை சென்னையில் செக்யூரிட்டி பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். அன்று பத்து நிமிடம்தான் ஆனது. இன்னொரு நாள் அதே இடத்தில் ஐம்பது நிமிடம் ஆகும். சராசரியை நம்பிக் கிளம்புகிறவர் என்றாவது ஒரு நாள் மாட்டுவார். விமானத்துக்கு நாம் போடுகிற நேரம், வரிசை மோசமாக இருக்கும் நாளுக்குத் தாங்க வேண்டும். சும்மா உட்கார்ந்த அந்த நேரம் காப்பீட்டுக்குக் கட்டிய பிரீமியம் மாதிரி. விபத்து நடக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை.

● வாசகி, திருச்சி: அதே நிலையம், அதே நேரம். ஒரு நாள் காலியாக இருக்கிறது, மறுநாள் வரிசை வளைந்து வளைந்து போகிறது. ஏன் இப்படி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு எக்ஸ்ரே எந்திரங்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 100 பேரை அனுப்பும் என்று வையுங்கள். மொத்தம் 600 பேர். மணிக்கு 500 பேர் வந்தால் வரிசை வளராது. 660 பேர் வீதம் இரண்டு மணி நேரம் வந்தால் 120 பேர் தேங்குவார்கள். கடைசியில் நிற்பவருக்குக் காத்திருப்பு 12 நிமிடம். பரவாயில்லை. இப்போது ஓர் எந்திரத்தை மட்டும் நிறுத்துங்கள். அதே இரண்டு மணி நேரத்தில் 320 பேர் தேங்குவார்கள். காத்திருப்பு 38 நிமிடம்! ஆறில் ஒன்று நின்றதற்கு நேரம் மூன்று மடங்காகிவிட்டது.

கொள்ளளவை நெருங்கி ஓடும் எந்த வரிசையும் இப்படித்தான் திடீரென்று வீங்கும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், 1909-லேயே இந்த வகைக் கணக்குக்கு அடித்தளம் போட்டுவிட்டார். விடிகாலையில் நாலு விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் நேரம், பனியால் தாமதமான விமானங்களின் பயணிகள் சேரும் நேரம், காவலர்கள் பணி மாறும் நேரம், இவற்றில் இரண்டு ஒன்றாக வந்தாலே போதும். உங்கள் கடிகாரத்தில் எந்தத் தப்பும் இல்லை.

● வாசகர், தாம்பரம்: காலை 6.15-க்கு மதுரை விமானம். எத்தனை மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பெட்டி போடுவதாக இருந்தால் 4.15. கைப்பை மட்டும் என்றால், வீட்டிலேயே வெப் செக்-இன் முடித்துவிட்டு, 4.50.

எப்படி என்றால், 6.15 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். உள்நாட்டு விமானத்துக்குச் செக்-இன் கவுன்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆக உங்கள் முதல் கெடு 5.15. போர்டிங் கேட் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பு மூடும். இரண்டாவது கெடு 5.50. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கேட்டுக்கு நடக்க பத்து, செக்யூரிட்டிக்கு நாற்பது, வாசலில் அடையாளம் காட்ட பத்து. 4.50 வந்துவிட்டதா? பெட்டி இருந்தால் கவுன்டர் வரிசைக்காக இன்னும் முப்பத்தைந்து நிமிடம். மெட்ரோவை நம்ப வேண்டாம். முதல் ரயிலே ஐந்து மணி வாக்கில்தான் கிளம்பும். டெர்மினலையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் இரண்டு டெர்மினல்களில் இருந்து கிளம்புகின்றன.

● வாசகி, ஈரோடு: டிஜியாத்ரா இருந்தால் வரிசையே இல்லையாமே?

வாசல் வரிசை குறையும். எக்ஸ்ரே வரிசை அப்படியேதான் இருக்கும். 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கிய திட்டம் இது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும்; அடையாள அட்டையும் டிக்கெட்டும் தேடும் வேலை மிச்சம். பையையும் உடலையும் சோதிப்பது எல்லோருக்கும் ஒன்றுதான். வாசலில் மிச்சமாகும் நேரத்தைத் தூக்கத்தில் கூட்டிவிடாதீர்கள்.

● வாசகி, மயிலாடுதுறை: என் மகன் சிங்கப்பூரில். மாவடு ஊறுகாயைக் கைப்பையில் எடுத்துப் போகலாமா?

கூடாது அம்மா. நன்றாகக் கட்டிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் போகும் திரவமும் குழம்புப் பதப் பொருளும் 100 மில்லி டப்பாவுக்கு மேல் இருக்கக் கூடாது. 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாலும் ஏற்க மாட்டார்கள், அளவு பாட்டிலுக்கு. 2006 ஆகஸ்டில் லண்டனில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளைக் கொண்டுபோகும் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது. நெய்க்கும் அல்வாவுக்கும் கூடச் செக்-இன் பெட்டிதான் நல்ல இடம்.

● வாசகர், சேலம்: கொப்பரை?

எந்தப் பெட்டியிலும் ஆகாது. எண்ணெய்ப் பசை காரணமாகத் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது.

● வாசகர், திண்டுக்கல்: அப்படியானால் ஐயப்ப பக்தர்களின் இருமுடித் தேங்காய்?

அதற்குத் தனியாக அனுமதி கொடுத்தார்கள். 2024-25 சபரிமலைக் காலத்தில், 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயை விமானத்துக்குள் கொண்டுபோக விமானப் பாதுகாப்புப் பிரிவு வழிவிட்டது. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கையால் பிரித்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் உண்டு. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு, குழுவாகப் போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இருமுடியைப் பிரித்துக் கட்டும் வரை பின்னால் இருப்பவர்களும் நிற்க வேண்டுமே.

● வாசகி, வேலூர்: பெண்கள் வரிசை சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நகரவே இல்லை!

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பெண்களைத் திரைச்சீலை போட்ட சிறு அறைக்குள் பெண் காவலர் தனியாகச் சோதிக்கிறார். ஒருவர் உள்ளே போய், மேடையில் ஏறி நின்று, கைகளை விரித்து, திரும்பி வெளியே வர வேண்டும். இடுப்பில் குழந்தை இருந்தால் இன்னும் நேரம். இதற்குள் ட்ரே எக்ஸ்ரேயைத் தாண்டி அந்தப் பக்கம் காத்திருக்கும். பையில் மறந்துவிட்ட கத்தரிக்கோலோ சார்ஜரோ இருந்தால் அந்தப் பை தள்ளிவிடப்பட்டுத் தனி உருளைப் பாதைக்குப் போகும். உடையவர் வரும் வரை யாரும் திறக்க மாட்டார்கள். அங்கே நாலு பை சேர்ந்தால் எந்திரமே நின்றுவிடும். பெண்களுக்கான அறைகளையும் பெண் காவலர்களையும் கூட்டினால்தான் இது தீரும்.

● வாசகர், ஓசூர்: எந்திரத்தில் நம்மால் வரும் தாமதத்தை எப்படிக் குறைப்பது?

வரிசையில் நிற்கும்போதே பையைத் தயாராக்குங்கள். லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க் மேலே இருக்கட்டும். பர்ஸ், சாவி, சில்லறை எல்லாம் பைக்குள் போகட்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்க உங்களைத் திரும்ப அழைப்பார்கள். 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 74 வாட்-மணிதான், கவலை வேண்டாம்.

● வாசகர், நாகர்கோவில்: எனக்குப் பயம். ஐந்து மணி நேரம் முன்பே போய்விடுகிறேன். தப்பா?

உங்களுக்கு நல்லது, பின்னால் வருகிறவருக்கு நல்லதில்லை. 2022-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் வரிசை கட்டடத்துக்கு வெளியே வரை நீண்டது. பயந்துபோன மக்கள் இன்னும் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். மதிய விமானக்காரர் காலை விமானக்காரருக்கு முன்னால் நின்றார். கடைசியில் 'நாலு மணி நேரத்துக்கு முன் வராதீர்கள்' என்று நிலையமே கேட்டுக்கொண்டது. வேடிக்கை பாருங்கள், லேப்டாப்பை வெளியே எடுக்கத் தேவையில்லாத சி.டி. ஸ்கேன் எந்திரங்கள் அங்கே முந்தைய ஆண்டே எல்லா வரிசைகளிலும் வந்துவிட்டன. எந்திரம் இருந்தது, இயக்க ஆள் இல்லை. அந்த ஆண்டே நிலையத்தின் தலைவர் பதவி விலகினார்.

உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்று. பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை, ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டிய நாட்களில் இன்னொரு அரை மணி. அந்த இரு தேசிய நாட்களையொட்டி விமானத்தில் ஏறும் இடத்திலும் மறுபடி சோதனை உண்டு.

● வாசகர், கோவை: 'ஒரு விமானத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்றால், நிலையத்தில் நேரத்தை வீணாக்குகிறீர்கள்' என்று ஒரு பொருளாதார அறிஞர் சொன்னதாகப் படித்தேன். சரிதானே?

1982-ல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஸ்டிக்லர் சொன்னதாகச் சொல்வார்கள். அடுத்த விமானம் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது, டிக்கெட் செலவை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்றால் அந்தக் கணக்கு சரி. கடன் வாங்கி டிக்கெட் எடுத்து, குவைத்தில் நாளை வேலைக்குச் சேர வேண்டிய ராமநாதபுரத்துப் பையனுக்கு அது பொருந்தாது. அவன் கவுன்டர், குடியேற்றம், செக்யூரிட்டி என மூன்று வரிசைகளைக் கடக்க வேண்டும். தவறினால் என்ன இழப்பு என்று முதலில் பாருங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை அதுவே சொல்லிவிடும்.

● வாசகி, புதுச்சேரி: வரிசையில் நிற்கும்போதே போர்டிங் நேரம் வந்துவிட்டால்?

வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் இருக்கும் உங்கள் விமான நிறுவன ஊழியரிடம் விமான எண்ணைச் சொல்லுங்கள். கடைசி அழைப்புப் பயணிகளை முன்னால் அனுப்பும் வழக்கம் உண்டு. முன்னால் நிற்பவர்களிடமும் கேளுங்கள். பெரும்பாலானோர் விடுவார்கள். நீங்களும் ஒரு நாள் விடுங்கள்.

● வாசகர், கரூர்: வரிசையால் விமானத்தைத் தவறவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் போனதுதான். ஆனால் பயன்படுத்தாத டிக்கெட்டில் உள்ள அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதி. கேட்டு வாங்குங்கள். ஸ்கிபோலில் 2022 ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 11 வரை வரிசையால் விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு நிலையமே இழப்பீடு கொடுத்தது. அந்த வழி இங்கேயும் வர வேண்டும்.

● வாசகர், தூத்துக்குடி: சோதிக்கும் காவலர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்களோ?

இல்லை. 1985-ல் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் உயிரிழந்தது, ஏறாத பயணியின் பெட்டியில் இருந்த குண்டால். 1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கித்தான் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை ஒவ்வொரு நிலையமாகப் பொறுப்பேற்றது. ஒரு பையில் சந்தேகம் வந்தால் காவலர் நிதானிக்க வேண்டும். அவரை அவசரப்படுத்தி வரிசையைக் குறைக்க முடியாது. பக்கத்து எந்திரத்தைத் திறந்துதான் குறைக்க முடியும்.

● வாசகி, தஞ்சாவூர்: உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் முதலில் எதை மாற்றுவீர்கள்?

இப்போது எத்தனை நிமிடக் காத்திருப்பு என்பதை ஒவ்வொரு நிலையமும் நிமிடத்துக்கு நிமிடம் வெளியிட வேண்டும். நிலைய வாசலில் மட்டும் போதாது. வீட்டில் இருக்கும்போதே கைபேசியில் தெரிய வேண்டும். 2022 டிசம்பரில் டெல்லி மூன்றாவது டெர்மினல் திணறியபோது, ஒரு விமான நிறுவனம் பயணிகளை மூன்றரை மணி நேரம் முன்னால் வரச் சொன்னது. நுழைவாயில் காத்திருப்பு நேரத்தை உடனுக்குடன் வெளியிடும்படி அமைச்சகமும் சொன்னது. நெருக்கடியில் செய்ய முடிந்ததை எல்லா நாளும் செய்யலாம்.

உள்நாட்டு டிக்கெட் ஒவ்வொன்றிலும் விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்று 200 ரூபாய் 2021 ஏப்ரலில் இருந்து வாங்குகிறார்கள். அது நம் பணம். எத்தனை மணிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது டிக்கெட் விற்றவர்களுக்கு முன்பே தெரியும். கூட்ட நேரத்தில் எல்லா எந்திரங்களும் ஓட வேண்டும், அவற்றை இயக்க ஆட்கள் இருக்க வேண்டும். நிலையத்தார் திட்டமிடாத நேரத்தை நம் தூக்கத்தில் இருந்து எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை. அடுத்த முறை 50 நிமிடம் நிற்க நேர்ந்தால் தேதி, நேரம், திறந்திருந்த எந்திரங்களின் எண்ணிக்கை மூன்றையும் குறித்து நிலைய இயக்குநருக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் புகார். ஆயிரம் பேர் எழுதினால் அதை ஒதுக்கிவைக்க முடியாது.