விமானக் கம்பெனி தொடங்கப் போகும் மிராசுதாருக்குச் சில யோசனைகள்

ஐயா, தை அறுவடைப் பணம் கைக்கு வந்துவிட்டது. அதில் கல்யாண மண்டபம் கட்டலாம், ரைஸ் மில் போடலாம், பெட்ரோல் பங்குக்கு அலையலாம். ஆனால் நீங்கள் ‘சூரரைப் போற்று’ பார்த்துத் தொலைத்துவிட்டீர்கள். இனி விமானக் கம்பெனிதான். நான் தடுக்கப் போவதில்லை. செய்வதை முறையாகச் செய்ய வழி மட்டும் சொல்கிறேன்.

படத்துக்கு மூலமான கேப்டன் கோபிநாத் ராணுவத்தை விட்டு வந்து ஹாசன் பக்கம் விவசாயம் பார்த்தவர், பட்டுப்புழு வளர்த்தவர். ஆகவே நமக்கு உறவுமுறைதான். 2003இல் ஏர் டெக்கான் தொடங்கி, ஒரு ரூபாய்க்கெல்லாம் டிக்கெட் விற்றார். 2007இல் விஜய் மல்லையா பங்கு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அடுத்த ஆண்டே ஏர் டெக்கான் அவருடைய கிங்ஃபிஷரில் கரைந்தது. 2012இல் கிங்ஃபிஷரும் நின்றது. இந்த முடிவெல்லாம் படத்தில் இல்லை. உற்சாகம் குறையாமல் இருக்க நீங்கள் படத்தையே திரும்பத் திரும்பப் பாருங்கள்.

முதலில் மூலதனம். நாற்பது டன்னுக்கு உட்பட்ட சிறிய விமானங்கள் ஐந்து வரை ஓட்ட 20 கோடி ரூபாய் செலுத்திய மூலதனம் காட்ட வேண்டும். ஏர்பஸ் மாதிரி பெரியது என்றால் 50 கோடி. நெல் குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சிறிய விமானத்துக்கே 80,000 குவிண்டால், அதாவது 40 கிலோ சிப்பத்தில் இரண்டு லட்சம் சிப்பம் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டாக வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் மழை வந்தால் உங்கள் விமானக் கம்பெனி சாலையோரத்தில் முளைத்துவிடும். பணம் சேர்ந்த பிறகு டில்லி அமைச்சகத்தில் தடையில்லாச் சான்று, விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவில் விமானம் இயக்கும் சான்று. இரண்டுக்கும் நடுவில் எத்தனை போகம் போகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்தது விமானம். வாங்கிவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குத்தகைக்குத்தான் எடுக்கிறார்கள். குத்தகை என்றதும் உங்கள் முகம் மலர்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். 1952இல் தஞ்சைக்கென்றே வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும், 1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும் உங்கள் தாத்தா சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார் அல்லவா? குத்தகைக்காரரை நினைத்தபோது வெளியேற்ற முடியவில்லையே என்பதுதானே அவர் வருத்தம்? இந்தத் தொழிலில் நீங்கள்தான் குத்தகைக்காரர். மிராசுதார் பெரும்பாலும் அயர்லாந்தில் இருப்பார். அவரிடம் வாரம் பேச முடியாது. விளைந்தாலும் சாவியானாலும் மாதாமாதம் டாலரில் அளக்க வேண்டும். ரூபாய் சரிந்தால் அதுவும் உங்கள் தலையில். புயலுக்கு, வெள்ளத்துக்கு நிவாரணம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார முடியாது. பாக்கி வைத்தால் கேப்டவுன் உடன்படிக்கையைக் காட்டி விமானத்தை ஓட்டிக்கொண்டே போய்விடுவார். நம்மூர்ப் பஞ்சாலைக் குழுமம் ஒன்று 2005இல் பாரமவுண்ட் ஏர்வேஸ் என்று அருமையாகத்தான் தொடங்கியது. குத்தகைத் தகராறில் 2010இல் சேவை நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனுப் போட்டபோது மட்டும் சொந்தக்காரர்கள் விமானங்களை மீட்க ஓராண்டு அலைந்தார்கள். அந்த ஓட்டையையும் அடைக்க 2025இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. குத்தகைக்காரருக்கு அல்ல ஐயா, சொந்தக்காரருக்கு. உங்கள் தாத்தா இருந்திருந்தால் கும்பகோணம் வெற்றிலை வைத்து வாழ்த்தியிருப்பார்.

இப்போது முக்கியமான கட்டம்: பக்கத்துக் கடையான அரசு விமானக் கம்பெனி விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வது? ‘மக்கள் பணத்தில் நஷ்டத்துக்கு ஓட்டி டிக்கெட் விலையைக் கெடுக்கிறார்கள்’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுங்கள். பேச்சில் பொய்யும் இல்லை. ஏலம் வந்தால் மட்டும் அவசரப்பட்டுக் கையைத் தூக்காதீர்கள். 2018இல் ஏர் இந்தியாவின் 76 சதவீதத்தை விற்க வந்தார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பொறுத்திருந்தால் விலை படியும் என்பது தெரிந்தது. 2021 ஆகஸ்ட் முடிவில் கடன் 61,562 கோடி. அக்டோபரில் டாடா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் ரொக்கம் 2,700 கோடி, ஏற்றுக்கொண்ட கடன் 15,300 கோடி. மிச்சக் கடன் அரசின் கணக்கிலேயே தங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடியானபோது நாடே நாசம் என்று தலையில் அடித்துக்கொண்ட உங்கள் ஆடிட்டர், இதற்கு எழுந்து நின்று கைதட்டினார்.

டாடாவின் வழி படிக்கவேண்டிய பாடம். 2014இல் ஏர்ஏசியா இந்தியா, 2015இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு சேர்ந்து விஸ்தாரா என்று அரசுக் கடைக்குப் பக்கத்தில் இரண்டு கடை போட்டார்கள். அரசுக் கடை கைக்கு வந்ததும் 2024இல் இரண்டையும் அதற்குள் இழுத்து மூடினார்கள். இன்னொரு வசதியும் அவர்களுக்கு உண்டு. அந்தக் கம்பெனியை 1932இல் தொடங்கியதே அவர்கள்தான். 1953இல் அரசு எடுத்துக்கொண்டது. நீங்களும் இன்றைக்கு ஒன்று தொடங்கி, அதை அரசு நாட்டுடைமை ஆக்கும்படி பார்த்துக்கொண்டால், கொள்ளுப்பேரன் காலத்தில் கடன் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

டெல்டாவில் வேர் உள்ளவர்கள் யாரும் இறங்கவில்லையா என்பீர்கள். இறங்கினார்கள். திருக்குவளையில் பிறந்த முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறன் 2010இல் ஸ்பைஸ்ஜெட்டை வாங்கினார். 2015இல் பழைய நிறுவனர் அஜய் சிங்கிடமே திரும்பக் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவரிடம் சன் டிவி இருந்தது. உங்களிடம் ஆற்றுப் பாசனம் இருக்கிறது, அதுவும் மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால்.

எங்கே பறப்பது? கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்பார்கள். அங்கே நீங்கள் போக முடியாது. வெளிநாடு போக வேண்டுமென்றால் முதலில் உள்நாட்டில் குறைந்தது 20 விமானங்கள் ஓட்ட வேண்டும். 2016 வரை ஐந்தாண்டு அனுபவமும் கேட்டார்கள். சரி, சென்னைக்கு ஓட்டலாம் என்றால், விமான எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் நெடுநாள் இருந்த மதிப்புக் கூட்டு வரி 29 சதவீதம். சொந்த ஊரிலிருந்தே கிளம்பலாம் என்றால், தஞ்சாவூர் ஓடுபாதை விமானப்படையினுடையது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய் படைப்பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் மண்டல விமானத் திட்டமான உடான் பட்டியலில் தஞ்சாவூர் பெயர் இருக்கிறது. பெயர் மட்டும்.

கடைசி யோசனை, இதில் விளையாட்டில்லை. திருச்சியில் 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள். ஆனாலும் அமீரக விமானக் கம்பெனிகள் அங்கே இறங்க முடியாது. இரு நாட்டு ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர் இல்லை. அரசுக் கம்பெனியைக் காக்க வேண்டும் என்ற நியாயமாவது முன்பு இருந்தது. கம்பெனி 2022 ஜனவரியில் கைமாறிவிட்டது. வேலி இன்னும் அங்கேயே இருக்கிறது, இப்போது தனியாருக்குக் காவலாக. துபாயில் வேலை பார்க்கும் பையன் ஊருக்கு வர அதிகக் கட்டணம் கொடுக்கிறான். உங்களுக்கு டில்லியில் செல்வாக்கு இருந்தால், அந்த 20 கோடியை வங்கியில் போட்டுவிட்டு, திருச்சியை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள் ஐயா. நான் வேண்டுமானால் கையெழுத்துப் போடுகிறேன்.