முதுமைக்கு மரியாதை

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10 ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகும் பாதுகாப்பு வேண்டுமென்றால் நிறுவனங்கள் தனியே கட்ட வேண்டும். கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. கிழட்டுப் பெட்டிக்கு வருஷா வருஷம் இரட்டிப்பு மரியாதை! மைக்ரோசாஃப்ட் பெரியவர்களை மதிக்கத் தெரிந்த நிறுவனம்.

தாமதமாக வருபவரையும் அது கைவிடாது. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் முதலாண்டுக் கட்டணத்தையும் எண்ணி வைக்க வேண்டும். போன வருஷம் சாப்பிடாத பிரியாணிக்கும் பில். துபாய் தேரா வியாபாரிகளுக்கு இந்த நுட்பம் இத்தனை நாள் தோன்றாமல் போனதே!

புதுக் கணினி வாங்கலாமே என்பீர்கள். வாங்குங்கள். ஆனால் பழையதோடு சேர்ந்து வந்த உரிமம் புதியதற்குத் தாவாது. மதர்போர்டோடு பிறந்தது, மதர்போர்டோடு போகும். வளைகுடாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்பான்சரோடு ஒட்டிய விசாவில் வந்து இறங்கியவர்கள்தானே நாம்.

சரக்கு அலுவலகம் ஒன்றில் மூன்றாண்டுக்கும் கணக்குப் போடச் சொன்னார் முதலாளி. பெட்டிக்கு 427 டாலர், அதாவது சுமார் 1,568 திர்ஹாம். கணக்கர் கூட்டி எழுதி, அடியில் ஒரு விண்ணப்பமும் சேர்த்தார்: “முதலாளி, பத்து வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை. என்னையும் விண்டோஸ் 10 கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

முதலாளி மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். நீட்டிப்புக் கட்டணம் மட்டும் கட்டவில்லை.