தாடையில் ஒரு கண், கன்னத்தில் ஒரு காது

நியாலாஸில் இப்போது அவருக்குக் கேமரா அண்ணன் என்று பெயர். கொஞ்ச காலம் முன்பு வரை முரை பாத்து அண்ணன். கூண்டுக் குருவி பாடுகிறதா என்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காது கொடுத்தவர். அதற்கும் முன்னால் தூண்டில் அண்ணன். மீனும் மாட்டவில்லை, குருவியும் பாடவில்லை, பெயர்தான் மாறிக்கொண்டு வந்தது. பத்தாங் மலாக்காவிலிருந்து ஜாசின் வரை இப்படி ஓர் ஆள் இல்லாத தாமான் கிடையாது.

அவர் கேமரா மாட்டும் மோட்டார் ஒன்றும் பெரிய சாமான் இல்லை. பழைய ஹோண்டா இஎக்ஸ்5. அப்பா கித்தா மரம் சீவப் போன நாளில் ஓட்டிய கப்சாய்க்குத் தம்பி முறை. ஐம்பதுக்கு மேல் முறுக்கினால் முன்கூடை தனியாகப் போக ஆசைப்படும். இதில் படம் பிடிக்க என்ன இருக்கிறது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, நான் மோட்டாரப் பிடிக்கல. பயணத்தப் பிடிக்கிறேன்."

பயணம் என்பது நியாலாஸிலிருந்து அசஹான் போய்த் திரும்புவது.

முதலில் கைப்பேசியை ஹேண்டில் பாரில் மாட்டினார். மூன்றே வாரத்தில் அதன் கேமரா குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்க ஆரம்பித்தது. கைப்பேசிக் கேமராவுக்குள் ஆட்டத்தைச் சமாளிக்க நுண்ணிய பாகங்கள் இருக்கின்றன. எஞ்சின் அதிர்வு விடாமல் தாக்கினால் அவை கெட்டுப்போகலாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதைச் சொல்லி எச்சரித்தது. சின்ன ஸ்கூட்டராக இருந்தாலும் அதிர்வு தாங்கும் பிடிப்பான் போடுங்கள் என்றது. அண்ணனுடையது ஆப்பிள் இல்லை. ஆனால் அதிர்வு கம்பெனி பார்த்து வருவதில்லையே.

அடுத்த ஆறு மாதம் ஆராய்ச்சி. ஒட்டுக்கடையில் யார் சிக்கினாலும் பாடம். கோப்ரோவை உண்டாக்கிய நிக் உட்மன், 2002இல் அலைச்சறுக்கு விளையாட ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போனபோது கேமராவைக் கையில் கட்டிக்கொள்ள வழி தேடியதில் பிறந்த யோசனையாம். 2004இல் வந்த முதல் கேமரா மணிக்கட்டில் கட்டும் பிலிம் கேமரா. "பாரு, பக்கத்துக் கடல்ல ஆரம்பிச்சது, நம்ம செம்பனைக்காட்டுக்கு வர இத்தனை வருசம்" என்று, தானே வழிமறித்துக் கூட்டி வந்ததுபோலச் சொல்வார்.

வந்தது. எங்கே மாட்டுவது? நெஞ்சில் மாட்டினார்; முன்கூடையும் அதிலிருந்த கங்கோங் கீரையும் அருமையாகப் பதிவாகின. ஹெல்மெட் உச்சியில் மாட்டினார். பிள்ளைகள் டெலிடபி என்று பின்னால் ஓடின. தாடைதான் சரியான இடம். கண் பார்ப்பதையே கேமராவும் பார்க்கும், கழுத்தும் நோகாது. அண்ணனின் அரை ஹெல்மெட்டுக்குத் தாடை இல்லை. கேமராவுக்காகச் சிரிம் முத்திரை போட்ட முழு ஹெல்மெட் ஒன்று வாங்கினார். உயிருக்காக வாங்கச் சொல்லி அண்ணி எட்டு வருடம் கேட்டது இது.

பிடிப்பானைப் பசைநாடாவில் ஒட்டினால் 24 மணி நேரம் தொடக்கூடாது. பிள்ளைகள் கைபடாத இடமென்று சாமி மேடையில் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் ஹெல்மெட்டுக்குப் பட்டை, கேமராவுக்கு நடுவில் குங்குமம். அவருடைய அம்மாவுக்குப் புதுச் சாமான் எதுவானாலும் பொட்டு வைத்துத்தான் பழக்கம். முதல் படம் முழுக்க வானத்தில் ஒரு சிவப்புச் சூரியன் அசையாமல் நின்றது.

பிறகு மெமரி கார்டு. 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பிடித்தால் மணிக்கு ஏறக்குறைய 45 ஜிபி தின்றுவிடும். பசார் மாலாமில் 512 ஜிபி கார்டு பதினைந்து வெள்ளி என்றான் ஒருவன். வாங்கிப் போட்டார். அட்டையில் எழுதியது 512. உள்ளே இருந்தது எவ்வளவோ, அசஹான் வந்து சேரும்போது நியாலாஸ் அழிந்திருந்தது.

செம்பனைக்குள் போகும் சடக்கு இன்னொரு சோதனை. நிழல், வெயில், நிழல், வெயில். கேமரா இருட்டுக்குக் கண்ணை அகல விரித்திருக்கும் நேரம் பார்த்து மரங்கள் முடிந்து வெட்டவெளி வரும். 1,276 மீட்டர் லேடாங் மலை நேரே நிற்கிறது. படத்தில் வெளுத்துக் காயப்போட்ட வேட்டிதான் தெரிகிறது. இருட்டில் படம் குழைகிறது, ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் ஓரங்களை வெட்டிவிடுகிறது. அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொத்தானை மாற்றுவார். ஓட்டுவது நாற்பது நிமிடம், ஒட்டுவதும் திருகுவதும் ஒன்றரை மணி நேரம்.

கடைசிப் பகை காற்று. தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ஒரே இரைச்சல். இதற்குத்தான் அண்ணன் உண்மையிலேயே நல்ல வழி கண்டுபிடித்தார். சிறிய மைக் ஒன்றைப் பஞ்சு சுற்றி, ஹெல்மெட்டுக்குள் கன்னத்தை ஒட்டி வைத்தார். எஞ்சின் பதமாகக் கேட்டது. அவர் மூச்சுகூடக் கேட்டது.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் திரையிட்டார். அம்மா, அண்ணி, நான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். முதல் இருபது நிமிடம் சடக்கும் மரமும், சுருதி சேராத பழைய பாட்டும். பாட்டு தன்னுடையது என்று அண்ணனுக்கே அப்போதுதான் தெரிந்தது. அசஹானில் கடை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தவர் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார். மலையைப் பார்த்தபடி அது தானாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஆறு மாதத்தில் முதல் முறையாக லேடாங் ஆடாமல், வெளுக்காமல், நீலமாக, உச்சியில் ஒரு மேகத்தோடு நின்றது. நான் கைதட்டவே போனேன்.

"பாய், தே தாரே ஒண்ணு. பால் கெட்டியா ஊத்துங்க. ரொட்டி சானாய் ரெண்டு, சீனி தனியா கொடுங்க" என்றது மலை.

அண்ணனுக்கு இனிப்பு நீர் வந்து மூன்று வருடம். வெளியில் குடிப்பது தே ஓ கோசோங் மட்டும் என்பது வீட்டுக் கணக்கு. மேகம் மெதுவாக நகர்ந்தது. உறிஞ்சும் சத்தம் துல்லியமாக வந்தது. பிறகு, "இன்னொண்ணு போடுங்க பாய்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க, சத்தம் ரொம்பத் தெளிவா இருக்கு. இத எனக்கு அனுப்பி வைங்க. புதன்கிழமை டாக்டர்கிட்ட போறோம்ல."