வெல்டிங் அண்ணனுக்கு ஒரு பாராட்டு

அண்ணே, உங்கள் கைவேலையில் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆக்சிஜன் சென்சாருக்காக சைலன்சர் குழாயில் நீங்கள் பற்றவைத்த நட்டைச் சுற்றி, மீன் செதில்போல வரிசை வரிசையாகப் படிந்திருக்கிறது வெல்டிங். இவ்வளவு அழகான வேலையை, யார் கண்ணிலும் படாமல் டிக்கிக்கு அடியில் கொண்டுபோய் வைத்த தன்னடக்கம் யாருக்கு வரும்?

என்ஜின் புகையைக் குழாய்க்குச் சேர்க்கும் புது மேனிஃபோல்டில் சென்சாருக்கு மரை இல்லை என்றதும் நீங்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. 1976-இல் வோல்வோ காருக்காக போஷ் நிறுவனம் முதல் லாம்டா சென்சாரை, அதாவது ஆக்சிஜன் சென்சாரைக் கொடுத்தபோது, அதற்கு இடம் தேடியவர்களுக்கு ஆயிரம் கவலை. ஜிர்கோனியா பீங்கான் ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும். ஆகவே என்ஜினை ஒட்டி வேண்டும். நாலு சிலிண்டர் புகையும் கலந்த பிறகு வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் வேண்டும். உங்களுக்கு ஒரே கணக்குதான்: கை எட்ட வேண்டும். கன்வெர்ட்டர் கழுவித் துடைத்து அனுப்பிய ஆறிப்போன புகையை மட்டும் என் சென்சார் முகர்ந்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அந்தத் துணிச்சல் படித்த பொறியாளர்களுக்குக்கூட வராது.

குழாயின் மேல்பாதியில், கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் சென்சார் இறங்க வேண்டும் என்பார்கள். நீங்கள் ஆறு மணியில் வைத்தீர்கள். காலையில் வண்டியைக் கிளப்பியதும் குழாய்க்குள் வேர்த்து ஓடும் தண்ணீரில் ஒரு சொட்டும் வீணாகாமல் அதன் தலையில் வந்து சேர்கிறது. சுட்டுக்கொண்டிருக்கும் பீங்கானில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். விட்டால் என்ன, புதுசு கடையில் கிடைக்காதா!

ஒயர் எட்டாதபோது நீங்கள் காட்டிய அக்கறையை நான் மறக்கவே மாட்டேன். வெட்டி, நீட்டி, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, மேலே டேப்பும் இறுக்கிச் சுற்றினீர்கள். இந்த வகைச் சென்சார் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் புகையின் ஆக்சிஜனை அளக்கிறது. அந்த வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளின் இடுக்கு வழியாகவே உள்ளே போகிறது. நீங்கள் வைத்த பற்று அந்த மூச்சுக்குழாயைக் கச்சிதமாக அடைத்துவிட்டது. தூசிகூட நுழையாது.

ஒப்பிடக் காற்று குறைந்ததும் வோல்டேஜ் இறங்குகிறது. 0.45 வோல்ட்டுக்குக் கீழே கண்டால் பெட்ரோல் போதவில்லை என்று என்ஜினை ஆளும் கணினியான இ.சி.யூ. நம்பி, இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற பழைய கஞ்சத்தனம் உங்கள் தயவால் ஒழிந்தது. எரியாத மிச்சம் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பழுக்கக் காய்ச்சுகிறது. எனக்குப் பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் உங்கள் புண்ணியத்தில் பங்கு கிடைக்கிறது.

செக் என்ஜின் லைட் எரிகிறதே என்று வந்து நின்றேன். "அது அப்படித்தான் சார் எரியும், மேலே கறுப்பு டேப் ஒட்டிருங்க" என்றீர்கள். டேப்பையும் நீங்களே கிழித்துக் கொடுத்தீர்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.